கௌதாரிப் பெட்டி

அன்று கராஜில் இருந்தவர்கள்: அக்கா நாகமணி, அவள் கணவர் சுவாமிநாதன், பள்ளிக்கூடம் போகும் அவர்கள் மகள் தென்றல், ஈஸ்ட் பெர்னார்டிலிருந்து வந்த வால்டர் குபேனா என்ற கிழவர், அக்காவின் தம்பி நஞ்சப்பன். மனிதர்கள் அவ்வளவுதான். மற்றபடி, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்த டொயோட்டா, சந்தனப் பொட்டு வைத்த டிரில் மெஷின், மாலை போட்ட புல்வெட்டும் மெஷின், தென்றலின் வயலின், அவளுடைய அல்ஜீப்ரா புத்தகம், சமையலறைக் கத்திகள். எல்லாவற்றுக்கும் முன்னால், வாழையிலையில் வரிசையாக நிறுத்தி வைத்த இருபத்தைந்து காகிதத் தோட்டாக்கள். ஒவ்வொன்றிலும் ஈரச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

தோட்டாக்கள் நஞ்சப்பனுடையவை. ஆனால் அவற்றை இலையில் நிறுத்தியபோது அவன் அங்கே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணி அடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ராத்திரி வேலை. ஹூஸ்டன் டவுன்டவுனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும். தகவல் பதியும் டேப் நிறைந்தால் மாற்றிப் போட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டில் தூங்கும் எஞ்சினியர் எவனையாவது போனில் எழுப்ப வேண்டும். எழுந்திருப்பவன் படித்தவன், எழுப்புகிறவன் படிக்காதவன். அந்த வேலையில் புரிந்துகொள்ள வேறு ஒன்றும் கிடையாது. கோயமுத்தூரில் எஞ்சினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டான். அக்கா ஸ்பான்சர் செய்து, பல வருஷம் கழித்து கிரீன் கார்டு வந்து, சுகர் லேண்டில் அவள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் கம்யூனிட்டி காலேஜில் சேர்த்தார்கள். அதையும் விட்டான். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் பிடிக்கவில்லை என்றான். வேறு காரணம் இருந்திருந்தால் சொல்லியிருப்பான்.

சுவாமிநாதன் ஒரு கெமிக்கல் பிளான்டில் சேஃப்டி எஞ்சினியர். "வெடிக்காத தோட்டா, முடிக்காத படிப்பு. நல்ல கலெக்‌ஷன்டா மாப்ளே," என்பார். வாரம் ஒரு முறையாவது சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் தோன்றிய மாதிரி சிரிப்பார்.

இப்போதெல்லாம் வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா பிளாஸ்டிக்கில் வருகிறது. முன்பு காகிதத்தில் செய்தார்கள். இறுகச் சுருட்டி மெழுகில் தோய்த்த காகிதக் குழாய், அடியில் பித்தளைத் தொப்பி. உள்ளே மருந்து, அதன் மேல் கம்பளி அடைப்பு, அதன் மேல் ஈயக் குண்டுகள். வாயில் ஓர் அட்டை வில்லையை வைத்துக் காகித விளிம்பை உள்பக்கம் சுருட்டி மூடிவிடுவார்கள். சுட்டால் குழாயின் வாய் கருகிப் பிரியும். சேகரிப்பவர்கள் தேடுவது சுடாததை. காகிதத்துக்கு ஒரே எதிரி ஈரம். ஈரம் பட்டால் குழாய் உப்பும், மை கலங்கும், பித்தளை பச்சை பிடிக்கும். ஹூஸ்டனில் காற்றைப் பிழிந்தாலே தண்ணீர் வரும். அந்த ஊரில் இருந்துகொண்டு காகிதத் தோட்டா சேர்ப்பது அப்பளத்தை ஆற்றோரம் காயப்போடுவது போலத்தான். அவனுக்கும் அது தெரியும்.

குபேனாவை அவன் ரோசன்பர்க்கில் ஒரு துப்பாக்கிச் சந்தையில் பார்த்தான். நீண்ட மேசைகளில் ஆட்கள் புதுத் துப்பாக்கிகளைப் பரப்பி வைத்திருக்க, ஒரு மூலையில் இந்தக் கிழவர் பழைய தோட்டாப் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, எதையும் விற்காமல் உட்கார்ந்திருந்தார். நெல் விவசாயம் செய்தவர். செக் நாட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். மனைவி போய்விட்டாள். அவர் மேசையில் ஓரமாக ஒரு பச்சைப் பெட்டி. மூடியில் ஒரு கௌதாரியின் படம். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில்: ஆர். கோவிந்தசாமி நாயுடு அண்ட் சன்ஸ், துப்பாக்கி வியாபாரிகள், கோயமுத்தூர். உள்ளே இருந்த ஒவ்வொரு தோட்டாவிலும் அதே படம், அதே எழுத்து.

நஞ்சப்பன் இரண்டு முறை படித்தான். மூன்றாம் முறை படித்தபோது கிழவர், "எழுத்துக் கூட்டத் தெரியாதா?" என்று கேட்டார்.

"இது என் ஊர்," என்றான்.

"என் மச்சினன் எண்ணெய்க் கிணறு தோண்ட இந்தியாவுக்குப் போனான். ஐம்பதுகளில். மலேரியாவும் இந்தப் பெட்டியும் கொண்டுவந்தான். பெட்டி தங்கியது."

அந்தக் கடையை நஞ்சப்பன் பார்த்ததில்லை. அவன் வளர்வதற்குள் மூடிவிட்டார்கள். ஆனால் அப்பாவிடம் அதே கௌதாரித் தோட்டாக்கள் இருந்தன, பிஸ்கட் டின் ஒன்றில். லைசென்ஸ் துப்பாக்கியை ஒரு தேர்தலின்போது ஸ்டேஷனில் ஒப்படைத்தவர் திரும்ப வாங்கவே இல்லை. கேட்கப் போனால் இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் போட வேண்டும் என்பது ஒன்றே காரணம். தோட்டாக்கள் டின்னில் கிடந்து ஒரு மழைக்காலத்தில் உப்பிப்போயின. "அறுத்து ஈயத்தை எடுடா, மீன் வலைக்காரன் கேட்டான்," என்றார் அப்பா. நஞ்சப்பன் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்தான். மருந்தைத் தரையில் கொட்டிப் பற்றவைத்தபோது புஸ்ஸென்று எரிந்து அடங்கியது. மெழுகும் காகிதமும் கருகிய அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. அது இன்பமான ஞாபகம் ஒன்றும் இல்லை. ஒழுங்காகச் செய்த ஒரு பொருளை அறுத்துப் பாழாக்கினோம் என்ற எரிச்சல்தான் மிச்சம். அந்த எரிச்சலோடுதான் அவன் இங்கே தோட்டா பொறுக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் ஈஸ்ட் பெர்னார்டுக்குப் போய்விடுவான். குபேனாவின் வீட்டில் ஓர் அறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் காகிதத் தோட்டா. வாத்து, நரி, பறக்கும் காடை என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படம். அறைக்கு நல்ல பூட்டு. சாவி கிழவரின் இடுப்பு வாரில்.

"திருடனுக்குப் பயந்தா?" என்று நஞ்சப்பன் ஒரு நாள் கேட்டான்.

"திருடனிடம் நான் ஒரு தோட்டாவைக்கூட இழந்ததில்லை," என்றார் குபேனா. "மச்சினன் சுட்டுப் பார்த்தான். பிள்ளைகள் விளையாடினார்கள். என் மனைவி, நல்லவள், ஒரு தடவை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து வைத்தாள். பூட்டு சொந்தக்காரர்களுக்கு."

அந்தக் கோடையில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. லப்பக்கில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அப்பா வரலாம், தோட்டா வரக்கூடாது, வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கின்றன என்றாள். அலமாரிகளை எல்லாம் யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். தெற்கே விக்டோரியா என்ற ஊரில் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். நஞ்சப்பன் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. கிழவரே கௌதாரிப் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இதை வைத்துப் பார். நான் லப்பக் போகும் முன் உன் வீட்டுக்கு வருவேன். எப்படி வைத்திருக்கிறாய் என்று பார்ப்பேன். பிடித்திருந்தால் அத்தனையும் உனக்கு. ஈரம் படக்கூடாது, பூட்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான்."

நஞ்சப்பனிடம் இதுவரை எவரும் எதையும் நம்பிக் கொடுத்ததில்லை. டேப் மாற்றும் அறையிலேயே மேலே கேமரா இருந்தது. அன்று காரை ஓட்டிக்கொண்டு வரும்போது, பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டிருந்தான்.

ஈரத்துக்கு வழி செய்தான். மூடி இறுகிய தகர டப்பா, உள்ளே செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள். பூட்டில்தான் சிக்கல். ஹார்ட்வேர் கடையில் கொண்டியும் பூட்டும் வாங்கிக்கொண்டு வந்து, அறைக் கதவில் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள்.

"யாருக்கடா பூட்டு? எனக்கா?"

"இல்லக்கா, சாமானுக்கு."

"இந்த வீட்ல ஆரு உன்ற சாமானத் தூக்கீட்டுப் போறா? நானா, உங்க மாமாவா?"

"யாரும் இல்லக்கா. அந்தப் பெரியவரு கேக்கறாரு."

"வெள்ளைக்காரன் கேட்டான்னு கூடப் பொறந்தவளுக்குப் பூட்டுப் போடறியா? நல்லா இருக்குதுடா."

சண்டை போட்டிருந்தால் அவனும் போட்டிருப்பான். அவள் போய் அடுப்படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டில் உள்கதவு எதுவும் பூட்டப்பட்டதில்லை. சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். அவள் ஊரிலும் அப்படித்தான் இருந்தாள், இங்கும் அப்படித்தான் இருந்தாள். கொண்டியும் பூட்டும் மேசை டிராயருக்குள் போயின. டப்பா அவன் அறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அதே தட்டில்தான் அக்காவின் குத்துவிளக்கும் பூஜைத் தட்டுகளும் இருந்தன. ஏனென்றால் அந்த வீட்டில் 'அவன் அலமாரி' என்று ஒன்று கிடையாது.

ஊரில் ஆயுத பூஜை புதன்கிழமையே முடிந்திருந்தது. சுகர் லேண்டில் எந்தப் பண்டிகையும் சனிக்கிழமைதான். குபேனா வருவதாகச் சொன்னதும் அந்தச் சனிக்கிழமைதான். அது நஞ்சப்பனுக்குத் தெரியும். பூஜை சாயங்காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். காலையில் வேலை முடிந்து வந்து படுத்தான்.

எழுந்தபோது கற்பூர வாசனை. கிழவர் வருவதற்குள் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தான். குத்துவிளக்கு இல்லை. டப்பா இருந்தது, மூடி தனியாக. உள்ளே பொட்டலங்கள் மட்டும்.

"அக்கா, என்ற பெட்டி எங்கக்கா?"

"எந்திரிச்சுட்டியா சாமி?" கராஜிலிருந்து அவள் குரல் வந்தது, அன்றைக்கு என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தோடு. "குளிச்சுட்டு வா. உன்ற சாமானமும் பூஜைக்கு வெச்சாச்சு."

குளிக்காமல் ஓடினான்.

இலையில் இருபத்தைந்தும் நின்றன. சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்திருந்தாள். பொட்டு வைத்ததோடு விடவில்லை. மாவிலை கிடைக்காமல் கொத்தமல்லிக் கட்டை நனைத்து எல்லாவற்றின் மேலும் தீர்த்தம் தெளித்திருந்தாள். சிவப்புக் காகிதத்தில் நீர் முத்து முத்தாக நின்றது. ஐம்பது வருஷத்துப் பழைய மெழுகு. அது எவ்வளவு நேரம் தாங்கும்?

"எத்தன நேரமாச்சு தெரியுமா?" என்றாள். "சின்னச் சின்னதா இருக்குது. ஒவ்வொண்ணுக்கா விரல் நுனியில வெச்சேன். நீ சொல்லுவியே, நான் உன்ற சாமானக் குப்பைங்கறேன்னு. அப்பா தோட்டா மாதிரியே இருக்குதுடா. கௌதாரி பாரு. பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அப்பா பூஜைக்கு அந்த பிஸ்கட் டின்னுக்குத்தாங்க்கா பொட்டு வெச்சாரு! டின்னத் தொறக்கவே மாட்டாரு!"

"அப்படியா?" அவள் யோசித்தாள். "நான் பொம்பளப் புள்ள, பக்கத்துல விடமாட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் குனிந்து ஒன்றை எடுக்கப் போனான். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கப்படாது. பூஜையில வெச்சது. நாளைக்குக் காலைல மறுபூஜை பண்ணித்தான் எடுக்கோணும்."

"அக்கா, ஈரம். இப்பத் தொடச்சாப் பொழைக்கும்."

"ஒரு நாள்ல என்ன ஆயிரும்? சாமிக்கு வெச்ச ஈரம்."

அவளுக்கு அவனைவிட பதினோரு வயது மூப்பு. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது அவனுக்குச் சோறு ஊட்டியவள். விமான டிக்கெட் வாங்கியவள். இத்தனையும் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த அந்தக் கையில் இருந்தது. உதறினால் உதறலாம். உதறவில்லை.

பதிலாக ஒரு முட்டாள்தனம் செய்தான். மூலையில் இருந்த பெரிய ஃபேனை இழுத்து வந்து தோட்டாக்களின் பக்கம் திருப்பிப் போட்டான். முதல் சுற்றிலேயே குத்துவிளக்கு அணைந்தது. குங்குமம் பறந்து தென்றலின் அல்ஜீப்ரா புத்தகத்தில் படிந்தது.

"ஐயோ, வெளக்க அணைச்சுட்டானே!" என்று அக்கா நெஞ்சில் கைவைத்தாள்.

சத்தம் கேட்டு சுவாமிநாதன் உள்ளேயிருந்து வந்தார். வந்தவர் இலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கற்பூரத் தட்டைப் பார்த்தார்.

"ஏன்டா, இது லோட் பண்ணினதா? உள்ள மருந்து இருக்கா?"

"இருக்குங்க மாமா."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"நாகு, நீ லைவ் அம்யூனிஷன் முன்னாடி கற்பூரம் காட்டினியா? பிளான்ட்ல இப்படி ஒருத்தன் பண்ணியிருந்தா அன்னிக்கே ஃபயர் பண்ணியிருப்பேன்."

"அங்க பண்ணுங்க. இது என்ற வீடு," என்று அக்கா ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி விளக்கை ஏற்றினாள்.

அவர் தோட்டாக்களைத் தொடவில்லை. நேராகப் போய் டொயோட்டாவின் கதவைத் திறந்தார். நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்க, காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கார் மட்டும் போலாமா?" என்றான் நஞ்சப்பன். "அதும் பூஜையில வெச்சதுதானே?"

"காரு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எடுத்தாக் குத்தமில்ல. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"அப்ப இதையும் எலுமிச்சம்பழத்து மேல வெச்சு எடுக்கறேன்."

"கிண்டல் பண்ணாத. போய்க் குளி."

"ஓ மை காட், அங்கிள், ஜஸ்ட் டேக் தெம்," என்றாள் தென்றல், புத்தகத்தைத் தட்டிக்கொண்டே.

அவன் குளித்துவிட்டு வந்தபோது தெருவில் குபேனாவின் லாரி போன்ற பிக்கப் வண்டி நின்றுகொண்டிருந்தது. கிழவர் கைத்தடி ஊன்றி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கராஜ் வாசலில் நின்றார். சாம்பிராணிப் புகைக்குள் இலையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நஞ்சப்பன் கணக்கு வைக்கவில்லை. வைக்காமலே அது நீளமாக இருந்தது.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். காகிதத் தட்டில் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் வைத்துக் கொடுத்தாள். நெற்றியில் விபூதி வைக்கட்டுமா என்று சைகையால் கேட்டாள். அவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.

"இது என்ன?" என்று தென்றலைக் கேட்டார்.

"இட்ஸ் லைக், யூ தேங்க் யுவர் டூல்ஸ். யூ காண்ட் யூஸ் தெம் டுடே. தட்ஸ் மை வயலின். தோஸ் ஆர் மை அங்கிள்ஸ் புல்லட்ஸ்."

"ஷெல்ஸ்," என்று நஞ்சப்பனும் குபேனாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கிழவர் முன்னால் சாய்ந்தார். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முன் வரிசையில் சிலவற்றின் வாய் ஏற்கெனவே இளகியிருந்தது. சுருட்டி மடித்த விளிம்பு மெதுவாக வெளியே பிரிந்துகொண்டிருந்தது. ஒன்றில் குங்குமம் கரைந்து கௌதாரியின் கழுத்து வரை இறங்கியிருந்தது. கோயமுத்தூர் என்ற எழுத்தில் பாதி சிவப்புக்குள் மூழ்கியிருந்தது.

"என் அப்பா விடிவதற்கு முன்னால் நெல்வயலுக்குப் போவார்," என்றார் குபேனா. "வாத்து சுட. மழை தூறும். கோட்டுப் பையில் தோட்டா ஊறிவிடும். துப்பாக்கிக் குழாய்க்குள் போகாது. பல்லைக் கடித்துக்கொண்டு செக் மொழியில் கெட்ட வார்த்தை சொல்லுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேனாக்கத்தியால் காகிதத்தைச் சீவிக் கொடுப்பேன். அப்புறம் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பேன். சுட்டதும் ஒரு வாசனை வரும் பாருங்கள். பிளாஸ்டிக்கில் அது கிடையாது. காகிதம், மெழுகு, மருந்து. என் அம்மா வீட்டுக்குள் அதைக் கொண்டுவரக்கூடாது என்பாள். நாங்கள் கொண்டுவருவோம்." பொங்கலை ஒரு வாய் சாப்பிட்டார். "நாங்களும் நிறைய நனைத்திருக்கிறோம்."

தென்றல் தமிழில் தெரிந்த அளவு சொன்னாள். அக்காவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? அவருக்கே கோவம் இல்ல. நீதான் குதிக்கற."

நஞ்சப்பனுக்குள்ளும் ஏதோ ஒன்று லேசானது. பெட்டி போனாலும் அலமாரிகள் வரலாம். ஒரு பெட்டிதானே. கிழவர் பெரிய மனது உள்ளவர்.

குபேனா தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "எங்கே வைத்திருந்தாய், காட்டு," என்றார்.

அறைக்குக் கூட்டிப் போனான். கிழவர் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கைப்பிடி இருந்தது, பூட்டு இல்லை. அலமாரியைத் திறந்தார். நஞ்சப்பன் சேர்த்த தோட்டாக்கள் ஒரு பக்கம். மீதி இடத்தில் அக்காவின் சூட்கேஸ்கள், பழைய ரைஸ் குக்கர், தென்றலின் எரிமலை மாடல், சுவாமிநாதன் இனி போட முடியாத பேண்ட்டுகள்.

"பூட்டு வாங்கிவிட்டேன்," என்று நஞ்சப்பன் டிராயரைத் திறந்து காட்டினான். கடையின் அட்டையிலிருந்து அது பிரிக்கப்படவே இல்லை. "இப்பவே போட்டுவிடுகிறேன். பத்து நிமிஷம்."

"போடு," என்றார் குபேனா. கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

அவன் டிரில் மெஷினை எடுக்கக் கராஜுக்குப் போனான். அதன் மேலும் பொட்டு இருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

"அதையும் தொடப்படாது," என்றாள்.

"அக்கா, ஒரே ஒரு ஓட்டை போடணும்."

"இன்னிக்கு மட்டும் சும்மா இரேன்டா. வருஷத்துல ஒரு நாள்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பூட்டுக்கா?" என்று கேட்டாள்.

அவன் வெறும் கையோடு திரும்பினான். குபேனா தடியை ஊன்றி எழுந்து, சமையலறை வழியாகப் போகும்போது அக்காவுக்குத் தலை குனிந்து நன்றி சொன்னார். நஞ்சப்பன் வண்டி வரை கூடப் போனான்.

"நீ எழுந்து வந்து பார்த்தபோது எவ்வளவு ஈரம்?" என்றார்.

"அப்போதுதான் வைத்திருந்தாள். முத்து முத்தாக நின்றது."

"அப்போது எடுத்துத் துடைத்திருந்தால் முக்கால்வாசி பிழைத்திருக்கும்."

"தெரியும்."

கிழவர் அவனுடைய ஈரத் தலையைப் பார்த்தார். "தெரிந்தும் குளிக்கப் போனாய்."

நஞ்சப்பன் வாயைத் திறந்தான். அக்கா என்று ஆரம்பித்தான்.

"அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் வீடு. நல்ல வீடு. அவளுக்குத் தெரிந்த மரியாதையை அவள் செய்தாள். உனக்குத் தெரிந்ததை நீ செய்யவில்லை." ஏறி உட்காரக் கிழவருக்குச் சிரமமாக இருந்தது. நஞ்சப்பன் முழங்கையைத் தாங்கினான். "விக்டோரியாக்காரனைப் பற்றிச் சொல்கிறேன் கேள். அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தபால்காரன்கூட அவனோடு பேச மாட்டான். உனக்குப் பிடித்த அளவு இதெல்லாம் அவனுக்குப் பிடிக்காது. ஆனால் இரும்புக் கதவு வைத்திருக்கிறான். நாளைக் காலை வண்டி கொண்டுவருகிறான்."

"கௌதாரிப் பெட்டி?"

"அதை உன் அக்காவிடமே கொடு. இப்போது அது அவளுடையது."

வண்டி போனது. நஞ்சப்பன் தெருவில் நின்றான். எதிர்வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வந்த கோபம் கிழவர் மேல் இல்லை, அக்கா மேல்கூட இல்லை. முத்து முத்தாக நின்ற அந்த நீரின் மேல். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற தன் கண்ணின் மேல். இத்தனை வருஷமும் அவன் எல்லாவற்றையும் விட்டது பிடிக்காததனால். பிடித்த ஒன்றையும் அதே மாதிரி விட முடியும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பக் கராஜுக்குள் போனான். பச்சைப் பெட்டி புல்வெட்டும் மெஷின் மேல் காலியாகக் கிடந்தது. எடுத்தான். இலைக்கு முன்னால் மண்டியிட்டு முதல் தோட்டாவைத் தூக்கினான். சந்தனம் விரலில் ஒட்டியது. பனியனைக் கழற்றித் துடைத்தான். சந்தனத்தோடு கௌதாரியின் பாதி உடம்பும் பனியனில் வந்துவிட்டது. அடுத்ததைத் தூக்கினான். இது உப்பியிருந்தது, பெட்டியின் பள்ளத்தில் இறங்க மறுத்தது. அமுக்கினான். காகிதம் பிதுங்கியது.

"நஞ்சா."

அக்கா சமையலறைக் கதவருகே, மேற்படியில் நின்றாள். கையில் கரண்டி.

அவன் நிறுத்தவில்லை. மூன்றாவது, நான்காவது.

"வைடா அதை."

"பெரியவரு நாளைக் காலைல எல்லாத்தையும் விக்டோரியாக்காரனுக்குக் குடுத்துருவாரு. அதுக்கு முன்னாடி போறேன்."

"போய்?"

"எடுத்துட்டேன்னு காட்டறேன்."

"கெட்டுப் போனத எடுத்துட்டுப் போய்க் காட்டி என்னடா ஆகப் போகுது?"

அவன் அடுத்ததை எடுத்தான். உள்ளேயிருந்து சுவாமிநாதனின் குரல் வந்தது: "விடு நாகு, அது வீட்ட விட்டுப் போனாச் சரி."

"நீங்க சும்மா இருங்க." என்றாள் அக்கா. "சாமி முன்னால இருந்து எடுக்கறான். நான் உக்காந்து ஒவ்வொண்ணா வெச்சதடா. உனக்குன்னு வெச்சேன். உங்க மாமா காருக்குக்கூட நான் அவ்வளவு நேரம் உக்காரல."

"தெரியுமக்கா."

"தெரிஞ்சா வை."

கடைசித் தோட்டாவையும் எடுத்தான். இலையில் வட்ட வட்டமாகத் தடம் மட்டும் மிஞ்சியது. பெட்டியின் மூடி மூடவில்லை. மேலே பனியனைப் போட்டுச் சுற்றினான். மேல்சட்டையும் இல்லாமல், ஈரத் தலையோடு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றான். கார் சாவி நல்லவேளையாகக் கால்சட்டைப் பையில் இருந்தது.

"போறதுன்னாப் போ," என்றாள் அக்கா. "இதக் கையில வெச்சுட்டு இந்த வழியா உள்ள வராத."

அவன் தலையாட்டினான். சரி என்றா, புரிந்தது என்றா, அவனுக்கே நிச்சயம் இல்லை. நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழங்களைத் தாண்டி வெயிலுக்கு வந்தான். தெருவில் நின்ற தன் காரின் முன் சீட்டில் பெட்டியை வைத்து, பெல்ட்டை இழுத்துப் போட்டான்.

பின்னால் சமையலறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு திரும்பும் சத்தம். அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு இருக்கிறது என்பதே அவனுக்கு அதுவரை தெரியாது.